வாடகை வண்டியை யார் ஓட்டுவது?

கண்ணா கௌதம்,

நேற்று சாயங்காலம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். குக்கர் விசில் அடித்தது என்று அப்புறம் மெசேஜ் அனுப்பினேன் அல்லவா, அது பொய். நேற்று குக்கரே வைக்கவில்லை. மத்தியானத்துச் சாதமே அப்படியே மிச்சம் இருந்தது. நீ கேட்டது சின்னக் கேள்விதான். ஆயுத பூஜை லீவுக்கு நாம் நாலு பேரும் ஒகேனக்கல் போக, போனில் வாடகை வண்டி பதிவு செய்துகொண்டிருந்தாய். டிரைவர் கிடையாது, நாமே ஓட்டிக்கொள்கிற வண்டி. "அம்மா, இன்சூரன்ஸ் போடவா வேணாமா? ரெண்டு மூணு நாளைக்கு எதுக்கும்மா தண்டம்? நீதான் ஆபீஸ்ல இதையே பார்த்தவளாச்சே, சொல்லு" என்றாய். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னாய். "அப்பாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடும்மா, ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. வேற யாராவது ஓட்டினா இன்சூரன்ஸே செல்லாதாம்." அங்கேதான் வைத்தேன்.

கோபம் இல்லை. கொஞ்சம் கோபம்தான், சரி. உன் அப்பா ஹாலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர் தலையைத் தூக்கவில்லை, ஆனால் கை நின்றுவிட்டது. உனக்கு எப்படித் தெரியும், பாவம், நீ அங்கே ஆபீஸ் கேன்டீனில் நின்று பேசுகிறாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். மெசேஜ் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய். அடுத்த மாசம் நீயும் ரம்யாவும் ஜெர்மனி போய்விடுவீர்கள். அதற்கப்புறம் எதைச் சொன்னாலும் 'அங்க இப்ப மணி என்ன' என்று கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். ரம்யாவுக்கும் படித்துக் காட்டு. அவள் மைசூர்ப் பெண், தமிழ் எழுத்து தெரியாது என்றாலும் நீ வாசித்தால் புரிந்துகொள்வாள். உன்னைவிடச் சீக்கிரமே புரிந்துகொள்வாள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

முதலில் ஆபீஸ்காரியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து ரிட்டயர் ஆகும்வரை ஒரே இன்சூரன்ஸ் ஆபீசில், ஒரே கிளெயிம் செக்ஷனில் குப்பை கொட்டியவள் நான். அந்த ஆப்பில் உனக்கு விற்கிறார்களே, அது இன்சூரன்ஸே இல்லைடா. வண்டிக்கு உரிய இன்சூரன்ஸை அதன் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே எடுத்திருப்பார்கள், இல்லாமல் ரோட்டில் விட முடியாது. இவர்கள் உன்னிடம் விற்பது ஒரு வாக்குறுதி. 'வண்டிக்கு அடிபட்டால் உன்னிடம் இந்தத் தொகைக்கு மேல் கேட்கமாட்டோம்' என்கிற வாக்குறுதி, அவ்வளவுதான். அந்த வாக்குறுதிக்குள் டயர் வருமா, கண்ணாடி வருமா, அடிப்பாகம் கல்லில் இடித்தால் வருமா, சாவி தொலைந்தால் வருமா என்று பார். பெரும்பாலும் வராது. அடிபட்ட உடனே போன் பண்ணிச் சொல்லாவிட்டாலும் வராது. வண்டியை வாங்கும்போது சுற்றி வந்து நிதானமாக ஒரு வீடியோ எடு, பம்பருக்குக் கீழேயும் எடு. இதெல்லாம் தெரிந்துகொண்டு வாங்கினால் அது தண்டம் இல்லை. காட்டு ரோட்டில், இதுவரை தொடாத வண்டியில், அப்பா அம்மாவையும் பெண்டாட்டியையும் வைத்துக்கொண்டு ஓட்டப்போகிறாய். போட்டுவிடு. யோசிக்காதே. ஆபீஸ்காரி பேச்சு இதோடு முடிந்தது.

இனிமேல் பேசுவது உன் அம்மா. உனக்கு ஜாஃபர் பாயை ஞாபகம் இருக்கிறதா? நாம் நீலசந்திராவில் மாடி போர்ஷனில் இருந்தபோது, மெயின் ரோட்டில் வெல்டிங் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தாரே, அவர். அவருடைய பழைய வெள்ளை அம்பாஸடரைத்தான் ஒவ்வொரு ஆயுத பூஜை லீவுக்கும் எடுத்துக்கொண்டு போவோம். இந்த செல்ஃப் டிரைவ் என்ற வார்த்தையெல்லாம் அப்போது ஏது? தெரிந்தவர்களுக்கு மட்டும் சாவியைக் கொடுப்பார். உன் அப்பா ஃபாக்டரி ஸ்டோர்ஸில் இருந்தவர். டிரைவர் வராத நாளில் சரக்கு வேனை இவரே எடுத்துக்கொண்டு போவார், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பாய்க்கு நம்பிக்கை. கொடுப்பதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி அழைத்துக்கொண்டு வருவார். ஒவ்வொரு நசுங்கலுக்கும் ஒரு கதை சொல்லுவார். "தேக்கோ சார், பாருங்க, இது என் மச்சான் பண்ணது. நிக்காஹ்க்குப் போற அவசரத்துல கேட்டுல விட்டான். இது லாரிக்காரன். இது மழைல மரக்கிளை விழுந்தது, இதுக்கு ஆண்டவன்கிட்டதான் கேக்கணும்." உன் அப்பாவும் ஏதோ முதல் தடவையாகக் கேட்பது மாதிரி ஒவ்வொன்றுக்கும் குனிந்து பார்த்து "அடடா" என்பார். நீ பாயின் பின்னால் போய் நசுங்கலையெல்லாம் விரலால் தடவிக்கொண்டே வருவாய்.

எல்லாம் காட்டி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "வண்டி யார் ஓட்டறது?" அவருக்குத் தெரியாதா என்ன, ஆனாலும் கேட்பார். "நான்தான் பாய், நான் மட்டும்தான்" என்று உன் அப்பா சொன்ன பிறகுதான் ஜிப்பா பாக்கெட்டிலிருந்து சாவி வெளியே வரும். அதையும் ஓட்டுகிறவர் கையில்தான் வைப்பார். ஒருமுறை உன் அப்பா ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது நான் கையை நீட்டினேன். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ஓட்டறவங்க கையிலதான்" என்று சொல்லிவிட்டு, உன் அப்பா முடிச்சுப் போட்டு எழுந்திருக்கும்வரை காத்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது சுருக்கென்றுதான் இருந்தது.

ஆனால் எனக்கு அந்தப் பயணங்களில் வேறு ஒரு உறுத்தல் உண்டு, உன்னிடம் சொன்னதில்லை. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டால் அதன் இன்சூரன்ஸ் செல்லாது. சொந்த உபயோகத்துக்கு என்று எழுதி வாங்கிய பாலிசி அது. காலையிலிருந்து சாயங்காலம்வரை இதே காரணத்தைச் சொல்லி மற்றவர்களின் கிளெயிமைத் திருப்பி அனுப்புகிறவள், லீவு நாளில் அதே மாதிரி வண்டியின் பின்சீட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்ல! சந்தாபுராவில் ஹைவேயை விட்டு ஆனேக்கல் பக்கம் திரும்பும்போதே நான் முன்சீட்டைப் பிடித்துக்கொள்வேன். ஆனேக்கலில் நிறுத்தி நீங்கள் இரண்டு பேரும் தட்டு இட்லியை வெளுத்துக் கட்டுவீர்கள், எனக்குக் காபிகூட இறங்காது. தளி, தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி மலை ரோடு வந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன். "முருகா, முருகா" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருவேன். அப்பா கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். "லீவு போட்டுட்டுதானே வந்திருக்கே, ஆபீஸை ஏன் மடியில தூக்கிட்டு வர்றே?" என்பார். நீ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அம்மா, குரங்கு! அம்மா, கண்ணைத் திற, குரங்கு!" என்று கத்துவாய். அத்தனை வருஷம் போயும் அந்தக் காட்டை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்றால் நம்புவாயா?

இவ்வளவு சட்டம் தெரிந்தவள் என்ன காரியம் செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், இதை நீ ரம்யாவிடமும் சொல்லிச் சிரித்தது எனக்குத் தெரியும். அந்த வருஷம் ஆயுத பூஜை அன்றைக்கே கிளம்புகிற மாதிரி ஆகிவிட்டது. விடிந்ததும் வாசலைப் பார்த்தேன். தெருவில் இருக்கிற ஆட்டோ, ஸ்கூட்டர், தள்ளுவண்டி எல்லாம் வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கின்றன. நம் வாசலில் நிற்கிற வண்டி மட்டும் மொட்டையாக. எனக்கு மனசு கேட்கவில்லை. "அது நம்ம வண்டி இல்லம்மா, பாயோடது" என்று உன் அப்பா சொன்னார். "யாரோடதா இருந்தா என்ன, நம்ம வாசல்ல நிக்குது, நம்ம குழந்தை அதுல வரான். பூஜை போடாம சக்கரம் நகராது" என்றேன். பானெட் முழுக்க சந்தனம், குங்குமம். முன்பக்கம் இரண்டு பக்கமும் ஆள் உயர வாழைக்கன்று. கயிறு தீர்ந்துபோயிருந்தது, அதனால் மாடியில் துணி காயப்போட வைத்திருந்த கட்டுக்கம்பியை எடுத்து முறுக்கிக் கட்டினேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். உன் அப்பா பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். நீ ஹாரனை விடாமல் அடித்தாய். நாலு தெருவுக்கும் கேட்டிருக்கும். திருப்தியோடு கிளம்பினோம்.

ஒகேனக்கல் போய்ச் சேர்ந்து கன்றை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது. வழி நெடுகக் காற்றில் ஆடி ஆடி, அந்தக் கம்பி இரண்டு பக்கமும் பெயிண்டை அராவி எடுத்திருந்தது. தகரம் தெரிந்தது. அருவியாவது, பரிசலாவது, எனக்கு எதுவும் மனசில் பதியவில்லை. மீன் வறுவல் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். திரும்பி வந்து கொட்டகையில் வண்டியை விட்டதும், "நான்தான் பாய் கட்டினேன்" என்று உன் அப்பா முந்திக்கொண்டார். "அவர் பொய் சொல்றாரு, நான்தான் கட்டினேன், கம்பியும் நான்தான் எடுத்தேன்" என்று நான் குரலை உயர்த்த, "நீ சும்மா இரும்மா" என்று அவர் என்னை அதட்ட, பாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பானெட்டைத் தடவினார். ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "என் வண்டிக்கு இவ்ளோ வருஷத்துல யாரும் பூ வெச்சதில்லம்மா" என்றார். நாங்கள் எவ்வளவு வற்புறுத்தியும் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் வண்டியைச் சுற்றிக் காட்டும்போது கதையில் இன்னொன்று சேர்ந்திருந்தது. "தேக்கோ சார், இது ஒரு அம்மா பூஜை பண்ணது" என்று என்னைப் பார்த்துக்கொண்டே உன் அப்பாவிடம் சொல்லுகிறார்! அப்பா குனிந்து பார்த்து, "அடடா" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

இந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லுகிறாய். அதற்கு அப்புறம் நடந்ததை நீ சொல்லிக் கேட்டதில்லை, மறந்துவிட்டாயோ என்னவோ. நீ காலேஜில் சேர்ந்து, லைசென்ஸ் புதுசாக வந்திருந்த வருஷம் அது. அந்த அட்டையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வளைய வளைய வந்தாய். "அப்பா, இந்த தடவை கொஞ்ச தூரம் நான் ஓட்டறேன்பா" என்று கேட்டாய். அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாய். தளி தாண்டி ஆள் இல்லாத ரோட்டில் உன்னிடம் கொடுத்திருக்கலாம், பாய்க்கு எப்படித் தெரியும்? நான்கூட அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உன் அப்பா, வண்டி எடுக்கிற நாளுக்கு முன்பே, என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். "பாய், இந்த தடவை வண்டி ரெண்டு பேர் ஓட்டுவோம். நானும், என் பையனும்" என்றார். பாய் தயங்கினார். "சின்னப் பையன் சார், கை படியல. அரே, வேணாம் சார். மலை ரோடு வேற" என்றார். உன் அப்பா கெஞ்சவும் இல்லை, வாதாடவும் இல்லை. "ஓட்டினாத்தானே பாய் படியும்? ஏதாவது ஆச்சுன்னா நான் இருக்கேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கிளம்புகிற அன்றைக்கு வழக்கம்போல எல்லா நசுங்கலையும் காட்டிவிட்டு, "வண்டி யார் ஓட்டறது?" என்றார் பாய். அப்பா உன் பக்கம் திரும்பிப் பார்த்தார். உனக்கு ஒன்றும் புரியவில்லை, திருதிருவென்று விழித்தாய். பாய் வந்து உன் வலது கையைப் பிடித்து, விரித்து, அதில் சாவியை வைத்து விரல்களை மூடினார். "அப்பா பேரு சொல்லியிருக்காரு, பாத்து ஓட்டு பேட்டா" என்றார். அப்போது உன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கல்யாண மேடையில்கூட உன்னை அப்படிப் பார்க்கவில்லை. ரம்யா கோபித்துக்கொள்ளக் கூடாது.

தேன்கனிக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தி, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் மைல்கல்லில் விட்டாயே, அது ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான் முருகனையே மறந்துவிட்டு "ஐயோ" என்று அலறினேன். நீ இறங்கிப் பார்த்தாய். சாவியை அப்பாவிடம் நீட்டி, "வேணாம்பா, நீங்களே ஓட்டுங்க" என்றாய். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா பம்பரைக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "அடடா" என்றார். பாய் வண்டியில் அப்படிச் சொல்வாரே, அதே மாதிரி. உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் கூடவே வந்தது. "இப்பவே எடு. இப்ப விட்டேன்னா அப்புறம் எப்பவும் தொடமாட்டே" என்று சொல்லிவிட்டு, இடது பக்கம் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நீ ஓட்டினாய். ஆமை வேகத்தில்தான், ஆனால் அஞ்செட்டிவரை நீதான் ஓட்டினாய். பாயிடம் திரும்பி வந்தபோது அந்த நசுங்கலைச் சரிசெய்து கொடுத்ததும் அப்பாதான். உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். அப்பா ரிட்டயர் ஆனதும் செகண்ட் ஹாண்டில் ஒரு சின்ன சிவப்புக் கார் வாங்கினாரே, இந்தக் கோடையில் நீ விற்றாயே, அந்தக் கார். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்த வாரம் அது. "பார்க்கிங்ல சும்மா நிக்குதும்மா, பேட்டரி போயிடும். நாங்களும் கிளம்பிட்டா யாரு பாத்துக்கறது? இந்தக் கண்ணோட அப்பா ஓட்டவும் கூடாது" என்றாய். நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு ஆள் வந்து பார்த்தான், ஓட்டிப் பார்த்தான், கொண்டுபோய்விட்டான். ஆணியில் தொங்கிய சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கண் கொஞ்சம் தேறி எழுந்ததும் அப்பா பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்தார். கார் நின்ற இடம் காலியாக இருந்தது. "இப்ப நல்லா விஸ்தாரமா இருக்கு" என்றார். உள்ளே வந்து பேப்பரை எடுத்துக்கொண்டார். நீயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தாய். நானும் அப்படி நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

ஒப்புக்கொண்டவர் மாதிரியா இருக்கிறார்? கார் துடைக்கிற மஞ்சள் துணியை இன்னும் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைக்கிறார். காலையில் அதை எடுத்துக்கொண்டு கீழே போய் வாட்ச்மேனின் சைக்கிளைத் துடைத்துக் கொடுக்கிறார். "ஏனு சார் இது, பேடா சார்" என்று கன்னடத்தில் வேண்டாமென்று தடுத்து, அந்த ஆள் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிறான். நேற்று நான் போனை வைத்த பிறகு பட்டாணி முழுவதையும் உரித்து முடித்தார். பிறகு, "எந்த வண்டி எடுக்கறானாம்?" என்றார். தெரியாது என்றேன். "புது வண்டியெல்லாம் கிளட்ச் ரொம்ப லேசா இருக்குமாம்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். "சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். கௌதம், எனக்கு மனசு ஆறவே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாது. கேட்காமலே நமக்குத் தெரிய வேண்டும்.

அதனால் இன்று காலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீ அனுப்பிய அந்த ஆப்பின் விதிமுறைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். நீங்கள் எல்லாரும் 'சம்மதம்' என்று தட்டிவிட்டுப் போகிறீர்களே, அதை. நீ சொன்னது சரிதான், பதிவு செய்யாதவர் ஓட்டினால் ஒரு பைசாவுக்கும் பொறுப்பில்லை என்றுதான் போட்டிருக்கிறது. அதற்கு நேர் கீழேயே இன்னொன்றும் போட்டிருக்கிறது, அதை நீ படிக்கவில்லை. இன்னொரு ஓட்டுநரின் பெயரைச் சேர்க்கலாம். லைசென்ஸை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். வயசு வரம்பு பார்த்தேன், அப்பா அதற்குள்தான் இருக்கிறார். கண் டாக்டரிடமும் போன் பண்ணிக் கேட்டுவிட்டேன். பகலில் ஓட்டலாம், இருட்டின பிறகு வேண்டாம் என்றார். ஆகவே நாம் வெளிச்சத்திலேயே கிளம்பி வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்துவிடலாம்.

அவரை மலை ரோட்டில் ஓட்ட வை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பயம் உண்டு. ஆனேக்கலில் தட்டு இட்லி சாப்பிட்டு எழுந்ததும், மேஜையில் வைக்காமல், அவர் மடியில் போடாமல், அவர் கையில் சாவியை வைத்துக் கேள். "தளிவரைக்கும் நீங்க ஓட்டறீங்களாப்பா?" என்று கேள். அவர் ஓட்டலாம். கையில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, "வேணாம்பா, கண்ணு கூசுது, நீயே ஓட்டு" என்று திருப்பித் தரலாம். அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லட்டும். ஆனால் அந்த 'வேணாம்' அவர் வாயிலிருந்து வரட்டும்டா. இந்தக் கோடையில் அவருக்குப் பதிலாக நாம் இரண்டு பேரும் சொல்லிவிட்டோம். யார் ஓட்டினாலும் நான் இந்தத் தடவை கண்ணை மூடுவதாக இல்லை, எல்லாப் பேப்பரும் சரியாக இருக்கிற வண்டியில் முதல்முறையாக அந்த ரோட்டில் போகப்போகிறேன். வாழைக்கன்றும் உண்டு. ரம்யாவிடம் சொல்லிவிடு, கயிறு வாங்கி வைத்துவிட்டேன், நல்ல பருத்திக் கயிறு.

அப்பாவின் லைசென்ஸுக்காகக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பீரோவைக் குடைந்தேன். என் பாலிசிகள், உன் மார்க் ஷீட்டுகள் எல்லாம் இருக்கிற அந்தக் கவரில்தான் அதுவும் இருக்க வேண்டும். இல்லை. வீட்டைத் தலைகீழாக்கினேன். அவரிடமே கேட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். வீட்டில் போட்டுக்கொள்கிற சட்டை, கௌதம். கார் போய் இத்தனை மாசமாகிறது, தினமும் அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். "எதுக்கு இது?" என்றார். எனக்குச் சட்டென்று வாயில் வந்துவிட்டது. "கௌதம்தான் கேட்டான், வண்டிக்கு உங்க பேரையும் சேக்கணுமாம்" என்றேன்.

"அவனா கேட்டான்?" என்றார். ஆமாம் என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு மறுபடியும் கேட்டார், "அவனேவா கேட்டான்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன், கண்ணா. குக்கர் விஷயம் போகட்டும். இந்த ஒன்றில் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன் அம்மா